தோட்ட வேலையிலிருந்து ஓய்வு: குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்த பிறகு வரும் முதல் வருடம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் 33 வருட வேலை. வரும் மார்ச்சில் 58 முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனைவிக்கு 54 வயது. மகன் கோவையில் அபார்ட்மென்ட் வாங்க 10 லட்சம் கேட்கிறார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்போதே தூக்கம் சரியில்லை; மலையை விட்டுப் போக மனமில்லை, இருக்கவும் வழி தெரியவில்லை என்கிறீர்கள்.

டவுனில் வேலை பார்த்தவர் ஓய்வு பெறும்போது வேலை மட்டும்தான் போகிறது. தோட்டத்தில் இருந்தவருக்கு வேலையோடு வீடு, ஆஸ்பத்திரி, தண்ணீர், விறகு, அக்கம்பக்கம், ‘ஆபீஸ் ஐயா’ என்ற பெயர் எல்லாமே ஒரே தேதியில் போய்விடுகின்றன. தூக்கம் கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இத்தனையையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம் என்று பணம் கைக்கு வந்த முதல் மூன்று மாதத்தில் வீடு வாங்குவது, ஊருக்கு மூட்டை கட்டுவது, மகனுக்குப் பாதியைக் கொடுப்பது என்று திரும்ப முடியாத முடிவுகளை எடுத்தவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள். ஆகவே முதல் ஒரு வருடத்துக்கு மலையிலேயே ஒரு வாடகை வீடு எடுங்கள். வாங்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். அந்த ஒரு வருடத்தில் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

வாடகை வீட்டைத் தேடுவதை இந்த நவம்பரிலேயே தொடங்குங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை அடித்துப் பெய்வது அக்டோபர், நவம்பரில்தான். ஏப்ரலில் பளிச்சென்று இருக்கும் வீடு நவம்பரில் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வடக்குப் பார்த்த சுவரில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை இருந்தால், ஆஸ்துமாவோ மூட்டு வலியோ இருப்பவருக்கு அந்த வீடு ஆகாது. காலை வெயில் ஒரு அறைக்குள்ளாவது விழ வேண்டும். மலையில் கிழக்கு ஜன்னல் ஆடம்பரம் இல்லை. டிசம்பரில் அதுதான் ஹீட்டர்.

அதைவிட முக்கியம், ரோட்டிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்பது. குன்னூரில் ரோட்டுக்கு மேலேயும் கீழேயும் அறுபது, எழுபது படி ஏறி இறங்கும் வீடுகள் ஏராளம். வாடகை குறைவாக இருப்பதால் கண் அங்கே போகும். 58 வயதில் ஏறிவிடலாம். சிலிண்டர் வரும்போது, முழங்கால் பிடித்துக்கொண்டபோது, ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரை மழையில் நான்கு பேர் தூக்கி வரும்போதுதான் அந்தப் படிகளின் விலை தெரியும். இருபது படிக்கு மேல் போகாதீர்கள். கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, இல்லாவிட்டால் உங்கள் செலவில் போட்டுக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். பஸ் ஸ்டாப் நடந்து பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். குன்னூர் லாலி அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். அதையும் சீசன் நாளில், மே மாத நெரிசலில் கணக்குப் போடுங்கள்.

தண்ணீர் அடுத்த கேள்வி. தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். டவுனில் கோடைக்காலத்தில் நகராட்சித் தண்ணீர் வாரம் தாண்டியும் வரலாம். இரண்டு பேருக்கு நாளைக்கு 200 லிட்டர் வைத்தால் பத்து நாளைக்கு 2,000 லிட்டர். வீட்டில் தொட்டியும் டேங்க்கும் சேர்ந்து அந்த அளவு கொள்கிறதா என்று பாருங்கள். “தண்ணி வரும் சார்” என்ற பதிலை ஏற்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மார்ச் மாதம் எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது என்று கேட்டால் உண்மை தெரியும்.

வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தடுப்புச் சுவரையும் பார்க்க வேண்டும். சுவரில் கிடையாக விரிசல், வயிறு தள்ளிய மாதிரி வெளியே புடைத்திருப்பது, மண் அடைத்துப்போன வடிகால் துளைகள், மேட்டில் ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள் இருந்தால் வேறு வீடு பாருங்கள். 2009 நவம்பரில் கேத்தி பகுதியில் ஒரே நாளில் கொட்டிய மழையில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பது உங்களுக்கே தெரியும்.

குவார்ட்டர்ஸை ஒப்படைப்பதையும் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒன்றிரண்டு மாதம் கூடுதலாகத் தேவைப்பட்டால் இப்போதே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அனுமதி இல்லாமல் தங்கினால் அபராத வாடகை என்று சொல்லி, வர வேண்டிய பணத்தில் கை வைக்க இடம் கொடுத்ததாகிவிடும். காலி செய்யும் நாளில் மின் மீட்டர் ரீடிங், தோட்டத்துக்குச் சொந்தமான கட்டில், மேஜை, கீஸர் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, சாவி பெற்றுக்கொண்டதாக மேனேஜர் கையெழுத்துடன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு முன் காகிதம். தோட்டங்களில் பிஎஃப் பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயரும் பிறந்த தேதியும்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பிஎஃப் கணக்கில் முன்னால். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ‘ஜனவரி 1’. நீங்களே ஆபீஸில் இருந்தவர், மற்றவர்களுக்காக இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், உங்களுடையதைப் பார்த்தீர்களா? யூஏஎன் கணக்கில் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்ணில்) உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, மனைவியின் பெயர், நாமினேஷன் எல்லாம் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். திருத்தத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். நீங்கள் அதே நாற்காலியில் இருக்கும்போது அது ஒரு நாள் வேலை. வெளியே போன பிறகு, மேனேஜரும் மாறிவிட்டால், மாதக்கணக்கில் இழுக்கும். முன்பு வேறு தோட்டத்தில் வேலை பார்த்து பழைய பிஎஃப் எண் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துவிடுங்கள். அந்த வருடங்கள் பென்ஷன் சர்வீஸில் சேரும்.

பிஎஃப் தொகைக்குப் படிவம் 19, பென்ஷனுக்குப் படிவம் 10டி. பென்ஷன் எவ்வளவு வரும் என்பதில் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது, அதனால் முன்கூட்டியே கணக்கிடுங்கள். சூத்திரம் எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. ஆனால் அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரையிலான வருடங்களுக்கு 6,500 ரூபாய், அதன் பிறகு 15,000 ரூபாய். 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். இந்த பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடங்களுக்குக் கிடைப்பது சிறு தொகை. எல்லாம் சேர்த்து உங்களைப் போன்ற ஒருவருக்கு மாதம் நாலாயிரத்துக்குச் சற்று மேலே, ஐயாயிரத்துக்குள் நிற்கும். உங்களுக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி. வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுபோகும்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கணக்கு: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை, பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சர்வீஸ் வருடங்கள். 24,000 ரூபாய் என்றால் 33 வருடத்துக்கு 4,56,923 ரூபாய். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அது ஒரு முழு வருடமாகக் கணக்காகும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தேயிலை விலை விழுந்த வருடங்களில் தவணையாகக் கொடுக்கும் தோட்டங்களும் உண்டு. அப்படி ஆனால் வாய்ப்பேச்சை நம்பிக் காத்திருக்காமல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் தொழிலாளர் துறையில் முறையிட முடியும்.

இனி மகன் கேட்கும் 10 லட்சம். இதை மனசால் யோசிக்காமல் கணக்கால் யோசியுங்கள். மூன்று மாதம் வீட்டுச் செலவை எழுதிவையுங்கள். அதில் இப்போது தோட்டம் கொடுக்கும் வீடு, மருந்து, கரண்ட் ஆகியவற்றின் செலவையும் சேருங்கள். வாடகையோடு மாதம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் 4,500 போக 20,500 வேண்டும். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் தற்போது 8.2 சதவீத வட்டி. ஒருவர் போடக்கூடிய உச்சத் தொகையான 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வருகிறது, அதாவது மாதம் 20,500. உங்கள் தேவைக்குச் சரியாக 30 லட்சம் பிடிக்கிறது, விலைவாசி ஏறுவதைக் கணக்கில் எடுக்காமலே. பிஎஃப், கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்ந்து 35 லட்சம் என்றால், மிச்சம் 5 லட்சம்தான் ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கும். அதில் 10 லட்சத்தை எங்கிருந்து கொடுப்பீர்கள்?

அந்தத் திட்டத்தில் 60 வயதானவர்கள்தான் சேரலாம் என்றாலும், ஓய்வு பெற்றவர்கள் 55 முடிந்ததும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். நிர்வாகத்திடமிருந்து ஓய்வு பெற்றதற்கும் பணம் கொடுத்ததற்கும் சான்று வேண்டும். ஓய்வுப் பணத்துக்கு மேல் போட முடியாது. இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டும், ஆகவே ஓய்வுச் சான்றைக் கடைசி நாளிலேயும், பணத்துக்கான சான்றைப் பணம் வந்ததுமேயும் வாங்கிவிடுங்கள். மனைவியைக் கூட்டுக் கணக்கில் சேருங்கள். ஐந்து வருடக் கணக்கு. முதல் வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், அதன் பிறகும் ஒன்றரை அல்லது ஒரு சதவீதம் கழியும். அவசரப் பணத்தை அதில் பூட்டாதீர்கள். வங்கி டெபாசிட் என்றால் ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கூடுதல் வட்டி தருகிறோம் என்று சீட்டு, நிதி நிறுவனம் என்று யாராவது வருவார்கள். தோட்டத்தில் யாருக்கு எந்த மாதம் செட்டில்மென்ட் வருகிறது என்பது ஊருக்கே தெரியும், அதனால்தான் அந்த மாதம் வருகிறார்கள்.

மகனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கொடுக்கும் தொகைக்கு ஈடான பங்கோடு பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். இரண்டு, கொடுப்பது 3 லட்சமாக இருக்கட்டும், மீதியை அவர் வங்கிக் கடனில் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு முன்னால் 25 வருடச் சம்பளம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. இதை அவரிடம் மேலே உள்ள கணக்கைக் காட்டியே சொல்லலாம். ஊரில் உள்ள பூர்வீக வீட்டையோ நிலத்தையோ எழுதிக் கொடுக்கும் யோசனை வந்தால், ‘கடைசி வரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன்படி அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும்.

தேயிலை நிலம் வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். வேண்டாம். பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு முறை பறிக்க ஆள் வேண்டும், கவாத்து செய்த பிறகு மாதக்கணக்கில் வருமானம் இல்லை, பச்சை இலை விலை உங்கள் கையில் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் மலிவாக நிலம் இருக்கிறது என்றால் கூடுதல் எச்சரிக்கை: அங்கே 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பழைய பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் கிடக்கும் நிலங்களுக்குப் பட்டா தீர்வாகவில்லை. கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் பேப்பரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கரண்ட் இணைப்புக்கே அலைகிறார்கள்.

இனி நாள் எப்படிப் போகும் என்பது. 33 வருடம் காலை பெரட்டுக்கு (தொழிலாளர் ஆஜர் எடுப்புக்கு) முன் எழுந்தவருக்கு, முதல் இரண்டு மாதம் விடுமுறை மாதிரி இருக்கும். வீடு மாற்றம், உறவினர் வருகை, காகித வேலை என்று ஓடிவிடும். நான்காவது, ஐந்தாவது மாதம்தான் கடினம். ஜூன், ஜூலையில் பனிமூட்டமும் தூறலுமாக வெளியே போக முடியாத நாட்கள் வரும். உங்களுக்கு மார்ச்சில் ஓய்வு என்பதால் அந்த இரண்டும் ஒன்றாக வந்து சேரும். அதற்கு முன்பே வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில், இன்னொருவர் உங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். பொழுதுபோக்கு போதாது. பொழுதுபோக்கை மழை பெய்தால் விட்டுவிடலாம், அதனால்தான் அது நாளைத் தாங்குவதில்லை.

உங்களுக்குப் பொருத்தமான வேலை கண்ணெதிரே இருக்கிறது. சுற்றிலும் உள்ள தோட்டங்களில் ஓய்வு பெறும் தொழிலாளர்களில் பலருக்கு பிஎஃப் ஆவணத்தில் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் அம்மாவுக்கு யூஏஎன் என்றால் என்னவென்று தெரியாது. இடைத்தரகர்கள் அதற்குக் கமிஷன் வாங்குகிறார்கள். வாரத்தில் இரண்டு காலை, ஒரு நூலகத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தேவாலயக் கூடத்திலோ உட்கார்ந்து அவர்கள் படிவத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் உங்கள் 33 வருட அறிவு முழுதும் பயன்படும். இரண்டு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: யாருடைய ஓடிபியையும் உங்கள் போனில் வாங்காதீர்கள், யாருடைய அசல் ஆவணத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். சம்பளத்தோடு வேலை வேண்டுமானால் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் ஃபேக்டரிகளிலும் சுயஉதவிக் குழுக்களிலும் கணக்கு எழுத ஆள் தேடுவார்கள். வாரம் மூன்று நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்து நாள் ஆனால் பழைய வேலையே குறைந்த சம்பளத்தில் திரும்பி வந்ததாகிவிடும்.

பழைய ஆபீஸுக்கு வேலையில்லாமல் போக வேண்டாம். முதல் முறை டீ வரும், நாற்காலி வரும். மூன்றாம் முறை புதிதாக வந்தவர் உங்கள் லெட்ஜரை வேறு விதமாக வைத்திருப்பதைப் பார்த்து நீங்கள் வாய் திறப்பீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடம். அங்கே உங்களுக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

வீட்டில் உங்கள் மனைவி 30 வருடம் பகல் முழுவதும் தனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தவர். நீங்கள் காலை பத்து மணிக்குச் சமையலறை வாசலில் நின்று “இன்னும் ஒரு வாய் காபி” என்று கேட்கும் நாளிலிருந்து அது கலையும். ஆபீஸில் செய்த மேற்பார்வையை அங்கே செய்யத் தொடங்கினால் சண்டைதான். யோசனை சொல்வதை விட்டுவிட்டு சில வேலைகளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பிடிப்பது, ரேஷன், சிலிண்டர், காலை டிபன். முழுதாக என்றால் மாவு இருக்கிறதா என்று முந்தின இரவே பார்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் சேர்த்து. பகலில் குறைந்தது மூன்று மணி நேரம் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. அவருக்கும் இது இழப்பு என்பதை மறக்க வேண்டாம். லயத்திலும் குவார்ட்டர்ஸிலும் இருந்த தோழிகளை அவரும் விட்டு வருகிறார், அவருக்கு வழியனுப்பு விழா யாரும் நடத்துவதில்லை. வாடகை வீடு எங்கே என்பதில் அவர் சொல்லுக்கு எடை அதிகம் இருக்கட்டும்.

உடம்பு விஷயத்தில் முதல் வேலை, தோட்ட ஆஸ்பத்திரியில் உள்ள உங்கள் இருவரின் மருத்துவக் குறிப்புகளையும் வேலையில் இருக்கும்போதே நகலெடுப்பது. எந்த மாத்திரை எந்த வருடம் தொடங்கியது, பழைய ஈசிஜி, சர்க்கரை அளவு எல்லாம் அந்த அலமாரியில்தான் இருக்கும். ஓய்வுக்குப் பின் நிர்வாகக் காப்பீடு நின்றுவிடும் என்றால் தனிக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அது இன்று தொடங்கினால் 60 வயது வாக்கில் முடியும். 70 முடிந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாத 5 லட்ச ரூபாய் அரசுக் காப்பீடு உண்டு, ஆனால் அதற்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான வழக்கமான மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை நடையை விட்டு, வெயில் வந்த பிறகு எட்டு மணிக்கு மேல் நடங்கள். காட்டெருமையும் கரடியும் திரும்பிப் போயிருக்கும் நேரமும் அதுதான். தனியாக நிற்கும் காட்டெருமையைக் கண்டால் பக்கவாட்டில் கடந்து போகப் பார்க்காமல் வந்த வழியே திரும்புங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைக் கெடுக்கும். இறங்கும்போது சிறு அடி வையுங்கள், கையில் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். சிம்ஸ் பார்க் மாதிரி இடத்தில் மேல் பாதையிலேயே சுற்றுவது போதும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரை அளந்து குடியுங்கள்.

குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவதை மட்டும் ஒரு இரவு கூடச் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகிறது, இந்த மலையில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். வெந்நீர்ப் பை போதும். மின் ஹீட்டர் என்றால் 2,000 வாட் இழுக்கும். பழைய வீட்டின் சிறிய பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் ‘குளிருக்கு ஒரு பெக்’ என்று தொடங்குவதும் ஓய்வு பெற்றவர்களுக்கு நேரும் ஒரு ஆபத்து. மது தோலைச் சூடாக்குவது போலத் தோன்றும், உண்மையில் உடல் வெப்பத்தை வெளியேற்றிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது வயசோ சோம்பலோ இல்லை, மருத்துவம் வேண்டிய நிலை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டோடு ஒரு சென்ட் இடம் கிடைத்தால் காய்கறி போடுங்கள். நம் மண் புளிப்பு மண். சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம், ஒரு சென்டுக்குச் சுமார் 8 கிலோ டாலமைட் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மக்கிய எரு போடுங்கள். கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது, கிழங்கு கவைத்துப்போகும். வரிசைக்கு ஒரு அடி இடைவெளியில் நேரடியாக விதைத்து, முளைத்த பிறகு நாலு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். நூறு நாளுக்குச் சற்று மேலாகும். பீன்ஸைக் குரங்கு விடாது, பூண்டைத் தொடாது. முதல் வருடம் பூண்டும் கீரையும் போதும்.

சொந்த ஊருக்குப் போவதா என்பதை அடுத்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் சோதித்துப் பாருங்கள். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் போய் வந்த நினைவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அப்போது ஊரே விருந்தாளியாக உங்களைப் பார்க்கும். மலைக் குளிரில் 33 வருடம் இருந்த உடம்பு அம்பாசமுத்திரத்து மே மாத இரவை எப்படித் தாங்குகிறது, அண்ணன் தம்பி வீட்டாரோடு தினசரி உறவு எப்படி இருக்கிறது, உங்கள் மனைவிக்கு அங்கே பேச ஆள் கிடைக்கிறதா என்பது ஆறு வாரம் தொடர்ந்து தங்கினால் தெரியும். அந்த ஆறு வாரமும் சொந்தக்காரர் வீட்டில் தங்காமல் தனியாகச் சமைத்து இருங்கள். கோவைக்கும் இதே சோதனைதான்: பள்ளி நடக்கும் மாதத்தில் நான்கு வாரம் மகன் வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் எவ்வளவு, உங்களுக்கென்று மிஞ்சும் நேரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை முடியும் வரை ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, காஸ் இணைப்பு எதையும் ஊருக்கு மாற்றாதீர்கள். பென்ஷனுக்காக இடம் மாறத் தேவையில்லை. 2025 முதல் பிஎஃப் பென்ஷனை நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். உங்கள் வண்டியின் நீலகிரிப் பதிவான டிஎன் 43-ஐயும் அப்படியே வைத்திருங்கள். மலைக்கு வரும் வெளி வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இருக்கும் இ-பாஸ் உள்ளூர் வண்டிக்குத் தேவையில்லை. மகன் கோவையிலிருந்து காரில் வரும்போது மட்டும் புறப்படுவதற்கு முந்தின நாளே அவர் இ-பாஸ் எடுத்துக்கொள்ளட்டும்.